ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு ஹோம்வொர்க் வேண்டாம் என்கிறார்கள், சரி. சாயங்காலம் என்ன செய்வது?

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் டைரியை எடுத்துப் பாருங்கள். தமிழில் ஒரு பக்கம் பார்த்து எழுத வேண்டும். இங்கிலீஷில் ஐந்து சொற்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. கணக்கில் மூன்றாம் வாய்ப்பாடு. மொத்தமே முக்கால் மணி நேர வேலைதான். ஆனால் வேனிலிருந்து இறங்கிய குழந்தைக்குக் கை கால் கழுவிவிட்டு, ஏதாவது சாப்பிடக் கொடுத்து, நோட்டின் முன்னால் உட்கார வைத்து, "இன்னும் ரெண்டு வரிதான்டா கண்ணு" என்று கெஞ்சி, அப்புறம் மிரட்டி, கடைசியில் அழவிட்டு முடிக்கும்போது மணி எட்டாகிவிடும். அன்றைக்கு அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது எல்லாம் அந்த நோட்டைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

இந்த எழுத்து வேலையை எடுத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களோடு பேசியும், சமையலில் கூடமாட உதவியும், விளையாடியும், கதை கேட்டும் குழந்தை கற்கட்டும் என்கிற யோசனையைக் குடும்பக் கற்றல் என்கிறார்கள். பள்ளி வாரத்துக்கு ஒரு சின்னத் தூண்டுதலைத் தரும். வீடு அதைத் தன் வசதிப்படி செய்யும். பிறகு குழந்தை வகுப்பில் வந்து அதைப் பற்றிப் பேசும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது குடும்பக் கற்றல். ஹோம்வொர்க்கை நிறுத்திவிட்டு அதோடு விட்டுவிட்டால் அது வெறும் விடுமுறை. அம்மாவே சாயங்காலம் டீச்சராக மாறிவிட்டால் அது டியூஷன்.

மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, அதாவது எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கதை வேறு.

பாதி மட்டும் காதில் விழுந்தது

நம் நாட்டில் இது புதிய யோசனை இல்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, தன் முதல் உரையில் குழந்தைகள் சுமக்கிற புத்தகப் பையைப் பற்றித்தான் பேசினார். அந்த விவாதம் தொடர்ந்து, பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 1993இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே தரக்கூடாது என்று பரிந்துரைத்தது. கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்தது: வீட்டுச் சூழலைக் குழந்தை தானே ஆராய்ந்து பார்க்கிற மாதிரியான வேலை என்றால் தரலாம். அந்த விதிவிலக்குதான் குடும்பக் கற்றல். பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான ஒரு வழக்கில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். குழந்தைகள் ஒன்றும் பளுதூக்கும் வீரர்கள் அல்ல என்று அவர் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இதையே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை இன்னும் விவரமாக எழுதியது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஒன்பதாம் வகுப்பு முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம்.

அந்தக் கொள்கையில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியும் உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகள், முந்தின சாயங்காலத்தை வீட்டில் எப்படிக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் பேச ஊக்கப்படுத்த வேண்டும் என்கிறது அது. 1993இல் சொன்ன விதிவிலக்கு 27 ஆண்டு கழித்து மறுபடியும் தலைகாட்டுகிறது.

ஆனால் நம் காதில் விழுந்தது 'கூடாது' என்கிற பாதி மட்டும்தான். அதுகூடச் சில பள்ளிகளின் காதில் விழவில்லை. சில பள்ளிகள் ஹோம்வொர்க் என்ற பெயரை எடுத்துவிட்டு 'பிராக்டிஸ் ஷீட்' என்று கொடுத்து அனுப்பின. உண்மையிலேயே நிறுத்திய பள்ளிகளில், காலியான நேரத்துக்கு என்ன செய்வது என்று யாரும் பெற்றோருக்குச் சொல்லவில்லை. அந்த இடத்தைத் தெருமுனை டியூஷனும் செல்போனும் பிடித்துக்கொண்டன.

மற்ற நாடுகளிலும் தடை போடுவது எளிதாகத்தான் இருந்திருக்கிறது. பிரான்சில் தொடக்கப் பள்ளிக்கு எழுத்து வீட்டுப்பாடம் 1956லிருந்தே கூடாது. சீனா 2021இல் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தியது. போலந்து 2024 ஏப்ரலில் முதல் மூன்று வகுப்புகளுக்கு நிறுத்தியது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மேரியன் மாவட்டப் பள்ளிகள் 2017இல் அப்படிச் செய்தன: தொடக்கப் பள்ளியில் வழக்கமான ஹோம்வொர்க் கிடையாது, பதிலாகத் தினமும் இரவு 20 நிமிடம் வாசிப்பு. எந்தப் புத்தகம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கலாம்.

நோட்டு செய்யாததைக் கதை செய்தது

வீட்டுப்பாடத்தால் பயன் உண்டா என்று அமெரிக்காவில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பு முதல், வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு ஏறக்குறைய இல்லை. இதை வைத்து வீட்டுப்பாடம் தீங்கு என்று சொல்லிவிட முடியாது. தொடர்பு இல்லை என்பது மட்டுமே அதில் உள்ள செய்தி. சின்னக் குழந்தைக்குக் கவனத்தைச் சிதறாமல் வைத்திருக்கும் திறன் இன்னும் வளரவில்லை, தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் வரவில்லை என்பதைக் காரணங்களாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2015இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். உளவியலாளர் சியன் பைலாக்கும் சக ஆய்வாளர்களும் செய்தவை. முதல் ஆய்வில், கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோர்களைப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் பிள்ளையின் கணக்கு ஹோம்வொர்க்கில் அடிக்கடி உதவினால், அந்த ஆண்டு முடிவில் பிள்ளை கணக்கில் குறைவாகவே முன்னேறியிருந்தது. பெற்றோரின் பயமும் பிள்ளைக்குத் தொற்றியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் ஹோம்வொர்க்கில் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. அன்பாக உதவப் போய் வந்த வினை இது.

இரண்டாவது ஆய்வு சிகாகோ வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் 587 பேரை வைத்து நடந்தது. குடும்பங்களுக்கு ஒரு செயலியைக் கொடுத்தார்கள். அதில் சின்னச் சின்னக் கதைகள், ஒவ்வொரு கதைக்கும் கீழே எண்களைப் பற்றி இரண்டு மூன்று கேள்விகள். தூங்கப் போகுமுன் சேர்ந்து படித்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். வேறு சில குடும்பங்களுக்குக் கணக்கு இல்லாத வெறும் வாசிப்புச் செயலி. ஆண்டு முடிவில் கணக்குக் கதை படித்த பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். அதிகப் பலன் கிடைத்தது யாருக்கு? கணக்குக்குப் பயந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான்.

ஆக, கணக்குக்குப் பயப்படும் ஒரு தாயோ தகப்பனோ நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை பின்னால் போகிறது; கதையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முன்னால் போகிறது. நோட்டில் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதையில் சேர்ந்து யோசித்தால் போதும். இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் குடும்பக் கற்றல் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சோழியும் கோலப்புள்ளியும்

செயலி எல்லாம் வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் விளையாட்டு. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்கிற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சாதாரணச் சோதனையை வெளியிட்டார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண் எழுதிய, ஒரே நேர்வரிசையில் அமைந்த பத்துக் கட்டங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்கு 15 நிமிடம் காய் நகர்த்தி விளையாடினார்கள். எண்களின் அளவைப் பற்றிய புரிதலில் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு அவர்களுக்கு இருந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

இதற்கு ஒரு சாக்பீஸும் திண்ணையும் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் பரமபதம் இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 23இல் நிற்கிறது, நாலு விழுகிறது என்று வையுங்கள். வழக்கமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணி வைப்போம். அப்படிச் செய்யாமல் "இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லியபடி நகர்த்தச் சொல்லுங்கள். சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014இல் இதைத் தனியாகவே சோதித்துப் பார்த்தார்கள். இரண்டாவது விதமாக எண்ணிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள்.

பல்லாங்குழியில் இன்னும் நிறைய இருக்கிறது. 14 குழி, குழிக்கு ஐந்து வீதம் 70 சோழி அல்லது புளியங்கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நாலு சேர்ந்த குழி 'பசு', அது குழிக்காரருக்கு. குழியை எட்டிப் பார்த்ததுமே எண்ணாமல் "நாலு!" என்று கத்தும் குழந்தைக்கு அளவைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்துவிட்டது. பாட்டிகள் இதைக் கணக்குப் பாடம் என்று நினைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் யாருக்கும் அதில் பயம் இல்லாமல் இருந்தது.

வாசலில் கோலம் போடும்போது ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, மறுபடி ஐந்து, மூன்று, ஒன்று. "மொத்தம் எத்தனை புள்ளி வரும்னு நினைக்கிற?" என்று முதலில் கேட்டுவிட வேண்டும். குழந்தை ஐம்பது என்று சொல்லும், நூறு என்று சொல்லும். சொல்லட்டும். அப்புறம் சேர்ந்து எண்ணினால் 25. அடுத்த வாரம் இன்னொரு கோலத்துக்குக் கேட்கும்போது குழந்தை நூறு என்று சொல்லாது. உத்தேசிக்கக் கற்பது என்பது இதுதான். பாடப்புத்தகத்தில் இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் காகிதத்தில் வைத்து வரவழைப்பது கடினம்.

சமையலறைக்கு வந்தால், இட்லி மாவு ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று அளந்து ஊற வைப்பதில் விகிதம் இருக்கிறது. "விருந்தாளி வர்றாங்க, எட்டு டம்ளர் அரிசி போட்டா உளுந்து எவ்வளவு?" என்று கேட்கலாம். ராத்திரி அரைத்து வைத்ததும் மாவு எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாத்திரத்தின் வெளிப்பக்கம் குங்குமத்தால் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் குழந்தை பல்கூடத் தேய்க்காமல் அதைப் பார்க்க ஓடும். மாவு ஏன் பொங்கியது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன, அந்தக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு மாவைத் தூக்குகிறது. பனிக்காலத்தில் ஏன் சரியாகப் பொங்கவில்லை என்பது அடுத்த கேள்வி. பதில் உங்களுக்கே தெரியாவிட்டால் "தெரியலையே, ரெண்டு பேரும் பாப்போம்" என்று சொல்லிவிடுங்கள். இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

எண்ணிக்கையை விட்டு மொழிக்கு வருவோம். தூங்கப் போகுமுன் கதை சொல்வதும் புத்தகம் படித்துக் காட்டுவதும் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிப் படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் 1988இல் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார். புத்தகத்தை ஒரேயடியாகப் படித்து முடிக்காமல் நடுவில் நிறுத்தி, "இது என்ன பண்ணுது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும். குழந்தை சொன்ன பதிலைக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போலப் படித்துக் காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிட வளர்ந்திருந்தது. செய்து பார்ப்பது சுலபம். குழந்தை "நாய் ஓடுது" என்கிறது. நீங்கள் "ஆமா, பயந்துபோன நாய் சந்துக்குள்ள ஓடுது. ஏன் பயந்துச்சு?" என்கிறீர்கள். இப்போது கதையைக் குழந்தை சொல்லத் தொடங்கிவிடும்.

புத்தகம் வாங்க வசதி இல்லையென்றால் கிளை நூலகம் இருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். எதுவும் இல்லாத நாளில் விடுகதை போதும். "அடிக்காம திட்டாம கண்ணீர் வரவழைப்பா, அவ யாரு?" என்று வெங்காயம் நறுக்கும்போதே கேட்கலாம். "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு பிடி நரை முடி" என்று வேகமாகச் சொல்லச் சொன்னால் வீடே சிரிக்கும். சிரிப்புக்கு நடுவே ர, ற, ழ எல்லாம் காதிலும் நாக்கிலும் பிரிந்து விழும். 'ல்' என்று முடிகிற சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவது பஸ் பயணத்துக்கு ஏற்ற விளையாட்டு: கல், பல், வில், நெல், மயில். சொல்லை ஒலியாக உடைத்துக் கேட்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதும் சீக்கிரம் வரும்.

"எங்களுக்கு என்ன தெரியும்?"

இந்த யோசனையைச் சொன்னதும் வருகிற முதல் பதில் இது. படித்த பெற்றோருக்குச் சரி, கொத்து வேலைக்கும் பூ வியாபாரத்துக்கும் போகிறவர்கள் என்ன சொல்லித் தருவார்கள் என்று ஆசிரியர்களும் கேட்பார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற ஊரில் இதே கேள்வி எழுந்தது. அங்கே மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்கள் அதிகம். லூயிஸ் மோல் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஆசிரியர்களை அந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்ல அல்ல, கற்றுக்கொண்டு வர. போன ஆசிரியர்கள் அந்த வீடுகளில் விவசாயம், கட்டட வேலை, மருந்து மூலிகை, வண்டி பழுது பார்ப்பது, வியாபாரம் என்று ஏராளமான அறிவு புழங்குவதைக் கண்டார்கள். 1992இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இன்றைக்கும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. ஏழை வீட்டில் அறிவும் ஏழ்மையாகத்தான் இருக்கும் என்ற நினைப்பை அது உடைத்தது.

நம் ஊர்க் கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நாலு அடி அளந்து, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று பார்க்கிறார். பெரிய வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் என்று வரப்போவது இதுதான். அந்த அப்பா தன் ஏழு வயது மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து, நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, "நம்ம வீட்டுச் சுவர் நேரா இருக்கா பாரு" என்று காட்டினால், மறுநாள் வகுப்பில் அவள் சொல்வதற்கு ஒரு சங்கதி இருக்கும். ஆங்கிலச் சொற்களை ஐந்து முறை எழுத வைக்கும் இடத்தில் அவர் கையாலாகாதவராக நிற்கிறார். தூக்குக்குண்டைக் கையில் எடுத்தால் அவரே ஆசிரியர்.

பூக்காரம்மாவுக்கு முழக்கணக்கு, தையல்காரருக்குத் துணிக்கணக்கு, டீக்கடைக்காரருக்குச் சில்லறைக்கணக்கு. ஒவ்வொன்றாக நான் விரிக்கத் தேவையில்லை.

இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளையிடம் வீட்டில் தமிழில் பேசினால் கெட்டுவிடுமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களிலிருந்தே சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது: ஒரு மொழியில் ஆழமாகப் பெற்ற புரிதல் இன்னொரு மொழிக்குக் கைகொடுக்கும். மாவு ஏன் பொங்கியது என்று தமிழில் காரணம் சொல்லத் தெரிந்த குழந்தை, 'பிகாஸ்' என்ற சொல்லை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். தட்டுத்தடுமாறி அரைகுறை இங்கிலீஷில் பேசுவதைவிட, தெரிந்த மொழியில் நிறையப் பேசுவது மேல்.

பள்ளி என்ன கேட்க வேண்டும்

பள்ளி அனுப்பும் சீட்டு ஒரே வரியில் இருக்கலாம். "இந்த வாரம் வீட்டில் எதையாவது அளந்து பாருங்கள். எதை, எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று திங்கட்கிழமை கேட்போம்." கயிறு, கை, டம்ளர், அடி, எது வேண்டுமானாலும் சரி. எழுதி வர வேண்டாம். கையெழுத்து வாங்க வேண்டாம். மதிப்பெண் இல்லை.

திங்கட்கிழமை என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் கேட்காவிட்டால் மூன்றாவது வாரம் வீட்டில் யாரும் அந்தச் சீட்டைப் படிக்கவே மாட்டார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்க நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. இரண்டிரண்டு பேராகத் திரும்பி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். அப்புறம் நாலைந்து பேர் எல்லோருக்கும் சொல்லட்டும். அடுத்த வாரம் வேறு நாலைந்து பேர். பிள்ளைகள் கொண்டுவந்ததை ஆசிரியர் பாடத்தோடு கோக்கலாம். கையால் அளந்தவர்கள், கயிற்றால் அளந்தவர்கள், டம்ளரால் அளந்தவர்கள் என்று கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டே வந்தால், அங்கேயே ஒரு பட்டை வரைபடம் பிறந்துவிடும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஒன்றும் சாப்பிடாமல் படுத்த பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கலாம். அப்பாவிடம் கேட்டு வா என்றால் அப்பா இல்லாத பிள்ளை என்ன செய்யும்? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை? "வீட்டில் பெரியவர் யாராவது ஒருவரிடம்" என்று எழுதினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். விடுதிக் காப்பாளரும், பக்கத்து வீட்டு ஆயாவும், அக்காவும் பெரியவர்கள்தான்.

இங்கே ஒரு பொறியையும் சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் பிராஜெக்ட். சார்ட் வாங்கு, தெர்மாகோல் வாங்கு, ஸ்டேஷனரி கடையில் காய்கறிப் படம் பிரிண்ட் எடுத்து ஒட்டு. ராத்திரி பதினொரு மணிக்கு அப்பா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பார், குழந்தை தூங்கிவிட்டிருக்கும். இதைக் குடும்பத்தோடு கற்பது என்று பள்ளி சொல்லிக்கொள்ளும். நிஜக் கத்தரிக்காய் வீட்டிலேயே இருக்கும்போது அதன் படத்தை ஒட்டச் சொல்வதை என்னவென்பது? எதையாவது வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தால் அது குடும்பக் கற்றல் இல்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். செய்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்வதும் இதே வகைதான். அது சீக்கிரமே யார் வீடு அழகு என்ற போட்டியாகிவிடும்.

எழுதாமல் எப்படி வரும்?

பெற்றோரின் நியாயமான கவலை இது. எழுத்தும் கூட்டல் கழித்தலும் பயிற்சி இல்லாமல் வராது. அந்தப் பயிற்சி பள்ளி நேரத்திலேயே, தவறினால் அங்கேயே திருத்த ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்து வகுப்பிலேயே பயிற்சி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து 'ற'வைத் தப்பாகவே ஒரு பக்கம் எழுதி வருவதால் தப்புதான் பழகும்.

கையெழுத்துக்கு விரல் பலம் வேண்டும். போலந்து வீட்டுப்பாடத்தை நிறுத்தியபோதுகூட, சின்ன வகுப்புகளில் விரல் பயிற்சிக்கான வேலைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. நம் வீட்டில் பட்டாணி உரிப்பது, பூத்தொடுப்பது, கோலப்பொடியை விரலிடுக்கில் விடுவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் விரலுக்கான வேலைதான். ஒன்றே ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தினமும் பத்து நிமிடமாவது சத்தம் போட்டுப் படிப்பது. புத்தகமோ, பஸ் போர்டோ, கடைப் பெயர்ப்பலகையோ, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் அறுந்துபோகக் கூடாது.

நேரம் இல்லையே என்கிறவர்களுக்கு: இரண்டு பேரும் வேலைக்குப் போய் எட்டரைக்கு வீடு திரும்பும் குடும்பத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதுதான். ஒதுக்கவும் வேண்டாம். எப்படியும் சமைக்கப் போகிறீர்கள், துணி மடிக்கப் போகிறீர்கள், வண்டியில் பின்னால் குழந்தையை உட்கார வைத்துப் போகப் போகிறீர்கள். அந்த வேலையில் குழந்தையைச் சேர்த்துக்கொண்டு பேசினால் போதும். வேலை கொஞ்சம் மெதுவாகும், மாவு கொஞ்சம் சிந்தும். சில நாள் அதற்கும் தெம்பு இருக்காது. அன்றைக்கு விட்டுவிடுங்கள், யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

பள்ளிகளைக் கேட்டால் பெற்றோரைக் கை காட்டுகிறார்கள். ஹோம்வொர்க் கொடுக்காவிட்டால் இந்தப் பள்ளியில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை என்று டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நோட்டில் சிவப்பு மையில் டிக் விழுந்திருந்தால் கட்டிய பணத்துக்கு வேலை நடக்கிறது என்ற நிம்மதி நமக்கு. அதனால் இதைப் பள்ளியும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும். அரசுப் பள்ளிகளில் அதற்கு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நாலில் மூன்று பங்குப் பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். தனியார் பள்ளியில் அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் பெற்றோர் கூட்டம் நடக்கும். நாலைந்து பெற்றோர் சேர்ந்துபோய், ஒரு பருவத்துக்கு மட்டும் இரண்டாம் வகுப்பில் செய்து பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் முகத்தில் அடித்த மாதிரி மறுக்க மாட்டார்கள். 2020 கொள்கை கையில் இருப்பது கூடுதல் பலம்.

மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற வரம்பைச் சொல்லுங்கள். அதில் ஒரு மணி நேரத்தையாவது எழுத்து வேலை இல்லாத, வீட்டில் விசாரித்துவிட்டு வந்து வகுப்பில் பேசுகிற வேலையாக மாற்றித் தரும்படி வகுப்பாசிரியரிடமே கேட்கலாம். அவருக்கும் திருத்த வேண்டிய நோட்டு குறையும்.